கடித்த நகமும் ஒட்டிய நகமும்: உளூவைப் பற்றிய ஒரு மஸ்அலா

ஓசூரில் தம் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு மட்டுமான அழகு நிலையம் நடத்திவரும் சகோதரி ஒருவர், தம் கணவர் மூலமாக எமக்கு ஒரு கேள்வி எழுதியனுப்பியிருந்தார். அதன் சாரம் இது:

"ஹஜ்ரத், நிகாஹுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் தன் தாயாருடன் வந்தாள். பத்து விரலிலும் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை மேலெழும்பி நிற்கிறது. மருதாணி வைக்கக் கையை நீட்டச் சொன்னால் துப்பட்டாவுக்குள் மறைக்கிறாள். 'ஆப்பா, எப்படியாவது நகம் வைத்துவிடுங்கள், மாப்பிள்ளை வீட்டார் கையைப் பார்ப்பார்கள்' என்று அழுகிறாள். நான் பெங்களூரில் இந்த வேலை கற்றவள். வைத்துவிட என்னால் முடியும். ஆனால் அவள் ஐந்து வேளையும் தொழுகிற பெண். வைத்துவிட்டால் அவள் உளூ என்னாவது? அந்தக் கூலி எனக்கு ஆகுமா?"

கேள்வியைப் படித்ததும் எமக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. கூலி கையில் வரும் முன்பே அது ஆகுமா என்று கேட்கிற மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆகவே "கூடாது" என்று ஒரு சொல்லில் எழுதி அனுப்பிவிட எமக்கு மனம் வரவில்லை. இதில் உளூ இருக்கிறது, குளிப்பு இருக்கிறது, ஒரு பெண்ணின் வெட்கம் இருக்கிறது, இன்னொரு பெண்ணின் பிழைப்பும் இருக்கிறது. எல்லாவற்றையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் முன்பெல்லாம் பெண்களின் கையலங்காரம் என்றால் பெரும்பாலும் மருதாணிதான். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களில் டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தது. இன்று சுற்றுவட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே கடைத்தெருவில் இருப்பது ஆறு மாதத்தில் இங்கேயும் வந்துவிடுகிறது. ஒட்டு நகமும் அப்படி வந்ததுதான்.

இதில் வகைகள் உண்டு. முதலாவது, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் நகம். பசையாலோ, இரு பக்கமும் ஒட்டும் சிறு பட்டையாலோ ஒட்டிக்கொள்வது. இரண்டாவது அக்ரிலிக். ஒரு திரவத்தில் தூரிகையைத் தோய்த்து, தூளைத் தொட்டு, நகத்தின் மேல் வைத்து உருவாக்குவது. சில நிமிஷங்களில் கல்லாக இறுகிவிடும். மூன்றாவது ஜெல். பூசிவிட்டு விளக்கின் கீழ் விரலை வைத்தால் இறுகும். இந்த அக்ரிலிக் பல் வைத்தியத்திலிருந்து வந்தது. 1950-களில் அமெரிக்காவில் பிரெடெரிக் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், வேலையின்போது தம் நகம் உடைந்துபோக, பல்லுக்கு வைக்கும் சரக்கைக் கொண்டே அதைச் சரிசெய்தார் என்பது அத்தொழிலின் வரலாறு. இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

நகம் கடிப்பவருக்கு இவற்றை வைப்பது மற்றவர்களுக்கு வைப்பதைவிடக் கடினம் என்று அச்சகோதரியே எழுதியிருக்கிறார். ஒட்டு நகம் பிடித்து நிற்க அடியில் சொந்த நகம் வேண்டுமல்லவா? கடித்தவரிடம் பாதி நகம்தான் மிஞ்சியிருக்கிறது. விரல் நுனிச் சதை உருண்டு மேலே வந்திருக்கும். சாதாரணமாக நகத்தின் முனைக்கு அடியில் காகித அச்சைச் செருகி அதன்மேல் நீட்டுவார்கள். இங்கே செருகுவதற்கு முனையே இல்லை. ஆகவே முதலில் சதையை ஒட்டிச் சிறிது சரக்கை வைத்து ஒரு செயற்கை முனை உண்டாக்கி, அது இறுகியபின் மெல்ல விடுவித்து, அதன் கீழ் அச்சை வைத்து வேலையைத் தொடர வேண்டும். விரல் நுனியைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டினால் பிடிமானமின்றிப் பெயர்ந்துவிடும். மற்றவர்கள் இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை வந்தால் போதும் என்றால், இவர்கள் அதற்கு முன்பே வரவேண்டியிருக்கும்.

இதிலுள்ள உடல்நலக் கேட்டையும் சொல்லிவிட வேண்டும். இறுகாத சரக்கு தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகிறது. கடித்தவர் விரலில் தோல் உரிந்து புண்ணாக இருப்பதால் ஆபத்து அதிகம். ஒருமுறை உடல் இதனை வெறுக்கத் தொடங்கிவிட்டால், பிற்காலத்தில் அதே இனத்தைச் சேர்ந்த பல் சரக்கும், மூட்டு அறுவைச் சிகிச்சையில் வைக்கும் எலும்புச் சாந்தும்கூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மெதைல் மெதாக்ரிலேட் என்னும் திரவத்தை நகத்துக்கு விற்றவர்கள் மீது அமெரிக்க அரசு 1970-களிலேயே நடவடிக்கை எடுத்தது. ஜெல்லில் சேர்க்கப்பட்டு வந்த டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடைசெய்துவிட்டது. சரக்கு டப்பியின் மேல் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்காமல் வாங்கும் வழக்கத்தை நம் சகோதரிகள் விட வேண்டும்.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்.

திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் ஆறாம் வசனத்தில் அல்லாஹ் தஆலா முகத்தையும், முழங்கை வரை கைகளையும் கழுவுமாறு கட்டளையிடுகிறான். விரலும் நகமும் கையைச் சேர்ந்தவை என்பதில் கருத்து வேறுபாடில்லை. கழுவுதல் என்றால் தண்ணீர் அவ்வுறுப்பின் மேல் ஓட வேண்டும். ஹளரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி வருகிறது. ஒருவர் உளூச் செய்தபோது அவர் பாதத்தில் ஒரு நகத்தின் அளவு இடம் நனையாமல் நின்றுவிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, திரும்பிப் போய் ஒழுங்காக உளூச் செய்யும்படி பணித்தார்கள். அவர் திரும்பிச் சென்று செய்தபின்பே தொழுதார். உடம்பு முழுவதையும் பார்க்க, நகத்தளவு என்பது எவ்வளவு? அவ்வளவுக்கே திருப்பியனுப்பினார்கள்.

கிருஷ்ணகிரிப் பகுதி முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஹனஃபீ மத்ஹபினர். அவர்கள் ஆதாரமாகக் கொள்ளும் ஃபதாவா ஆலம்கீரியில், கழுவ வேண்டிய இடத்தில் ஊசி முனையளவு விடுபட்டாலும், நகத்தின் அடியில் மண் காய்ந்து ஒட்டியிருந்தாலும் உளூ நிறைவேறாது எனக் காணப்படுகிறது. இறுக்கமான மோதிரத்தை அசைத்து நீரை உட்செலுத்த வேண்டும் என்பதும் இதே அடிப்படையில்தான். மருதாணியின் சிவப்பு தடையல்ல. அது நிறம் மட்டுமே. மருதாணி விழுது காய்ந்து ஒட்டியிருந்தால் அதை உதிர்த்துவிட வேண்டும். எண்ணெயும் தடையல்ல, தண்ணீர் வழுக்கி ஓடினாலும் கழுவியதாகவே ஆகும். அக்ரிலிக்கும் ஜெல்லும் பிளாஸ்டிக் நகமும் நீரை நகத்தில் பட விடாத தனிப் படலங்கள். ஷாஃபிஈ மத்ஹபிலும் இதில் முடிவு வேறில்லை.

காற்றும் நீராவியும் ஊடுருவும் நகப்பூச்சு என்று போலந்து நாட்டு இங்க்லாட் நிறுவனம் ஒன்றை வெளியிட்டு, அது முஸ்லிம் பெண்களிடையே பரபரப்பாக விற்றது பலருக்கு நினைவிருக்கும். ஆவி கசிவது வேறு, உளூவின் நேரத்தில் தண்ணீர் நகத்தில் ஓடுவது வேறு. அது எப்படியிருப்பினும் பூச்சைப் பற்றிய பேச்சு அது. கல்லாக இறுகிய அக்ரிலிக்குக்கு அதை ஆதாரமாக்க வழியில்லை.

"உளூவோடு இருக்கும்போது வைத்துக்கொண்டால் என்ன, காலுறைக்கு மஸஹு செய்வதில்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. உளூவோடு வைத்துக்கொண்டால் அந்த உளூ முறியும் வரை தொழலாம், தடையில்லை. முறிந்தபின் மீண்டும் கழுவ வேண்டுமே, அங்கேதான் சிக்கல். தோலுறையின் மேல் மஸஹு செய்வது பெருமானார் (ஸல்) அவர்களின் செயலால் காலுக்கென்றே கிடைத்த சலுகை. ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் இரவும், பிரயாணிக்கு மூன்று என்று அதற்கு வரம்பும் உண்டு. அதைக் கைவிரலுக்கு நீட்ட நமக்கு உரிமையில்லை. தண்ணீர் இருக்கும்போது தயம்முமும் கூடாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்தோமே என்பது தயம்முமுக்குரிய காரணங்களில் ஒன்றல்ல!

இதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றுண்டு. அச்சகோதரி கேட்கவில்லை, நாமே கேட்டுக்கொள்வோம். ஹனஃபீ மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. அப்படியிருந்தும், பல்லில் அடைத்த சிமெண்டும் நிலையாகப் பொருத்திய மூடியும் குளிப்புக்குத் தடையல்ல என்றே உலமாக்கள் சொல்கிறார்கள். அக்ரிலிக்கும் பல் மருத்துவர் கையிலிருந்து வந்ததுதானே? பல்லுக்கு ஆகும் என்றால் நகத்துக்கு ஏன் ஆகாது? அதுவும் இவள் ஆசைக்கு நகம் வளர்ப்பவளல்லள், கடித்துப் புண்ணாக்கிக்கொண்டவள். பல்லால் கடிக்க முடியாத கவசம் ஒன்று மேலே இருந்தால் கீழே சொந்த நகம் வளரும், பழக்கமும் விடும் என்று அழகு நிலையத்தார் சொல்கிறார்கள். அப்படியானால் இது சிகிச்சைதானே?

இதற்கு விடை நம் மதரஸாக்களில் ஓதப்படும் நூருல் ஈளாஹிலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 1069-ல் மறைந்த இமாம் ஷுரும்புலாலீ (ரஹ்) அவர்களின் நூல் அது. ஒருவருக்கு நகம் உடைந்து, அதன்மேல் மருந்தோ பிசினோ வைத்திருந்து, அதை எடுத்தால் தீங்கு உண்டாகும் என்றால், அதன்மேல் மஸஹு செய்துகொள்ளலாம். மஸஹும் தீங்கு செய்தால் அதையும் விட்டுவிடலாம் என்பது அங்கே காணப்படும் சட்டம். பாருங்கள், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே உடைந்த நகத்தில் பிசின் வைத்தவனை மார்க்கம் கைவிடவில்லை. ஆனால் "எடுத்தால் தீங்கு" என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். பல்லின் மூடியை ஒவ்வொரு குளிப்புக்கும் கழற்ற முடியாது. கழற்றினால் பல்லே போகும். அக்ரிலிக்கை அசிட்டோனில் ஊறவைத்தால் அரைமணிக்குள் இளகிவிடும். எடுப்பதனால் விரலுக்குத் தீங்கில்லை, எடுக்காததால்தான் தீங்கு. கடிக்கும் பழக்கத்தை நிறுத்த வேறு பல வழிகளும் உண்டு. ஆகவே கல்யாணத்துக்காக வைக்கும் நகம் இந்தச் சலுகையில் சேராது என்பதே எமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

அதேசமயம், நகம் பெயர்ந்து மருத்துவர் ஏதேனும் ஒரு பொருளால் கட்டியோ ஒட்டியோ, இத்தனை நாள் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சலுகை முழுமையாக உண்டு. ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள் இதில் தயம்முமும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். தம் ஆலிமிடம் விவரம் கேட்டுக்கொள்ளவும்.

குறையைச் சரிசெய்துகொள்வதை மார்க்கம் வெறுக்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார்கள். அது துர்நாற்றம் கொண்டது. பொன்னால் செய்துகொள்ளும்படி அவர்களுக்குச் சொன்னவர்கள் அண்ணலார் (ஸல்) அவர்களே. ஆணுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் அனுமதித்தார்கள். நாம் தடுப்பது நகத்தின் அழகை அல்ல, நீரின் பாதை அடைபடுவதைத்தான்.

அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். நிகாஹன்று அஸருக்கு உளூச் செய்து நகம் வைத்துக்கொள்கிறாள். மஃரிப் தொழுதும் விடலாம். மறுநாள் சுபுஹுக்கு அவள்மீது குளிப்புக் கடமையாகியிருக்கும். பத்து நகமும் நனையாத குளிப்பு நிறைவேறாது. வாழ்க்கையின் தொடக்கமே தொழுகையில்லாத காலையாகிவிடுகிறது. புது வீட்டில், மாமியார் முன்னிலையில், அசிட்டோன் புட்டியோடு அவள் எங்கே உட்காருவாள்? இதை யாரும் முன்கூட்டி அவளிடம் சொல்வதில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பேச வெட்கப்படுகிறார்கள். அதனால்தான் நாம் எழுத வேண்டியிருக்கிறது.

நகம் கடிப்பதையே எடுத்துக்கொண்டாலும் அதற்கு மஸ்அலாக்கள் உண்டு. பல்லால் நகத்தைக் களைவது மக்ரூஹ் என்று ஆலம்கீரியில் வந்திருக்கிறது. அது வெண்குஷ்டத்தைக் கொண்டுவரும் என்றும் அங்கே சேர்த்திருக்கிறார்கள். இன்றைய வைத்தியம் அதை ஏற்பதில்லை, நாமும் அதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். நகக்கண்ணில் கிருமி புகுந்து நகச்சுற்று வருவது நிச்சயம், அதைச் சொன்னால் போதும். கடித்த இடத்தில் இரத்தம் கசிந்து அவ்விடத்தை விட்டு வழிந்தால் ஹனஃபீ மத்ஹபில் உளூ முறிந்துவிடும், ஷாஃபிஈயில் முறியாது. நோன்பிருப்பவர் கடித்த நகத்துண்டை வேண்டுமென்றே விழுங்கினால், கல்லையோ மண்ணையோ விழுங்கியதைப் போல நோன்பு முறிந்து களா கடமையாகும். பழக்கதோஷத்தில் தொழுகைக்குள்ளேயே விரலை வாய்க்குக் கொண்டுபோகிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். அதட்டாதீர்கள். பயத்தாலும் கவலையாலும் வருகிற பழக்கம் அதட்டலால் போவதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பெண், இரவு ஷிஃப்டில் நிற்கும் பெண், நிச்சயதார்த்தம் முடிந்த பெண், இவர்கள்தாம் மிகுதியாகக் கடிக்கிறார்கள் என்று அச்சகோதரி எழுதியிருப்பது சிந்திக்கத்தக்கது.

சரி, அவளுக்கு என்ன செய்யலாம்? விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளர்கிறது. நிச்சயம் செய்த அன்றே கடிப்பதை விட்டால் மூன்று மாதத்தில் பார்க்கும்படியான நகம் வந்துவிடும். விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவிவைப்பது நம் பாட்டிமார் வழி. அது உளூவுக்கும் தடையில்லை. கடைகளில் கிடைக்கும் கசப்புப் பூச்சு படலமாகப் படிந்தால் உளூவுக்கு முன் துடைத்துவிட வேண்டும். நகத்தின் முரட்டு விளிம்புதான் பல்லை அழைக்கிறது. அதை வாரம் ஒருமுறை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட வேண்டும். இதற்காக நகத்தை நாற்பது நாளுக்கு மேல் வெட்டாமல் விடக்கூடாது. அந்த எல்லையை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

எட்டு நாள்தான் இருக்கிறது என்றால், உரிந்த தோலைச் சுத்தமாகக் கத்தரித்து, தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, விரல் நுனி முழுவதும் அடர்த்தியாக மருதாணி வைத்துவிடுங்கள். நுனி சிவந்திருக்கும்போது நகம் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்பது பார்ப்பவர் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. ஆனால் கருப்பு மருதாணி வேண்டாம். அதில் தலைச்சாயத்துக்குரிய ரசாயனம் கலந்து கை வெந்துபோனவர்கள் உண்டு.

கூலியைப் பற்றிக் கேட்டீர்கள். பெண்களுக்குப் பெண் அலங்காரம் செய்து கூலி பெறுவது ஆகுமானதே. உங்களிடம் வரும் பிற மதச் சகோதரிகளுக்கு நகம் வைப்பதில் உளூவின் கேள்வி எழவில்லை. புண்ணான விரலில் வைக்காதிருப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. ஹைளுடைய நாட்களில் கழற்றக்கூடிய ஒட்டு நகம் கேட்டு வரும் முஸ்லிம் பெண்ணுக்கு, குளிப்புக்கு முன் எடுத்துவிடச் சொல்லி வைத்துவிடலாம். தொழுகிற பெண் அக்ரிலிக் கேட்டால், வைப்பதற்கு முன்பே இந்த மஸ்அலாவை அவளிடம் சொல்லிவிடுங்கள். சொன்னபின்னும் கேட்டால் மறுத்துவிடுவதே பேணுதல். அதனால் வருமானம் குறையும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கடித்த நகத்தை மூன்று மாதம் பராமரித்துத் தருவதற்கும் கூலி உண்டல்லவா? வாரம் ஒருமுறை வருவார்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும்போதே விரலில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு. பிய்த்து எடுக்காதீர்கள், சொந்த நகமும் உரிந்துவரும். மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துக் கட்டி இருபது நிமிஷமோ அரைமணியோ விடுங்கள். கெட்டி ஜெல்லாக இருந்தால் அது கரையாது. தேர்ந்தவர் கையால் அரத்தால் தேய்த்தே எடுக்க வேண்டும். பிறகு குளித்துவிட்டு, நகம் வைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்துக்கொள்ளவும். அன்றிருந்த உளூவிலேயே தொழுதவை செல்லும். அதற்குப்பின் அந்த நகத்தோடு உளூச் செய்து தொழுத ஃபர்ளுகளையும், ஹனஃபீகள் வித்ரையும் களாச் செய்ய வேண்டும். பதினைந்து நாள் இருந்திருந்தால் எழுபத்தைந்து ஃபர்ளும் பதினைந்து வித்ரும். இடையில் ஹைளு வந்திருந்தால் அந்த நாட்களைக் கழித்துவிடலாம். ஒவ்வொரு வேளைத் தொழுகையோடும் அதே வேளையின் களா ஒன்றைச் சேர்த்துத் தொழுதுவந்தால் பதினைந்து நாளில் முடிந்துவிடும்.